ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மழை ஜாக்கெட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கிளாஸ்கோவுக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி, "அண்ணா, ஊரிலிருந்து கொண்டுவந்த குளிர் ஜாக்கெட் போதுமா, மழைக்குத் தனியாக வாங்கணுமா?" வாங்கத்தான் வேண்டும். வகுப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் போய்வர ஏதோ ஒன்றை மாட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் நான்கு நாள் லீவு கிடைத்ததும் ஸ்கை தீவு, ஓபன், இன்வர்னஸ் என்று பஸ், ரயில், ஃபெர்ரி மாறி மாறி ஏறத்தான் போகிறீர்கள், வழியில் நனைந்துவிட்டால் காயப்போட இடம் கிடைக்காது.

இத்தனைக்கும் சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, கிளாஸ்கோவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சென்னையில் அதில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும், இங்கே சுமார் 170 நாளுக்குப் பங்குபோட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். கூடவே காற்று. குடை விரித்தால் கம்பி வேறு, துணி வேறாகிவிடும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

வந்த முதல் ஆண்டு நான் தள்ளுபடியில் பஞ்சு வைத்த ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். லேபிளில் இருந்தது 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', அதாவது லேசான தூறலை மட்டும் தாங்கும், நான் அதை மழையே புகாத 'வாட்டர்ப்ரூஃப்' என்று எடுத்துக்கொண்டேன். கிளாஸ்கோவிலிருந்து கிளென்கோ வழியாக ஃபோர்ட் வில்லியம் போய் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். முதலில் பையின் வார் அழுத்துகிற தோள் ஈரமானது, அப்புறம் முதுகு, கடைசியில் பஞ்சு தண்ணீரைக் குடித்து ஜாக்கெட்டே கனத்துப்போனது. ஸ்கை வரைக்கும் மீதி வழி முழுக்க அந்த ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ராத்திரி ஹாஸ்டல் ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டும் காலையில் அக்குள் பக்கம் பிழிந்தால் சொட்டியது.

அதனால் குளிருக்கும் மழைக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட் வாங்காதீர்கள். மேலே மெல்லிய மழை ஜாக்கெட், உள்ளே ஒரு ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை), அவ்வளவுதான். கடைக்குப் போகும்போது ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டே போய் அதன் மேல் மாட்டிப் பார்த்து அளவு எடுங்கள்.

லேபிளில் இரண்டு எண் பாருங்கள். முதல் எண், தண்ணீர் புகாமல் தாங்கும் அளவு. 10,000 மி.மீ. என்றால், துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாலும் கசியாமல் தாங்கும் என்று பொருள். 1,500 இருந்தாலே வாட்டர்ப்ரூஃப் என்று போட்டுவிடுவார்கள், ஆனால் கனமான பை மாட்டி நடப்பவருக்கு அது பற்றாது. 10,000க்குக் குறையாமல் வாங்குங்கள், மலைப்பாதையில் நாள் முழுக்க நடப்பதாக இருந்தால் 20,000. இரண்டாவது எண், வியர்வை ஆவியாக வெளியேறும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று இருக்கும். இதுவும் 10,000க்கு மேல் இருக்கட்டும். "ஜாக்கெட் ஒழுகுது" என்று நம் ஆட்கள் சொல்வது பல சமயம் உள்ளே தேங்கிய வியர்வைதான். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது.

கடையிலேயே உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள், எல்லாத் தையல் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும், தோளில் மட்டும் ஒட்டிவிட்டு மற்ற இடத்தை விட்டிருந்தால் வாங்காதீர்கள். தொப்பியைப் போட்டுத் தலையைத் திருப்புங்கள், தொப்பியும் சேர்ந்து திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டைக் கடக்கும்போது வண்டி வருவதே தெரியாது. முதுகுப்பையை மாட்டி இடுப்புப் பட்டையைப் பூட்டிப் பாருங்கள், பாக்கெட் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டால் டிக்கெட்டை எடுக்க ஒவ்வொரு முறையும் பட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இனி சொல்வது யாரும் சொல்லித் தராதது, நல்ல ஜாக்கெட் பாழாவதே இதனால்தான். புது ஜாக்கெட்டில் மழைத்துளி சேப்பங்கிழங்கு இலையில் உருள்வது போல உருண்டு ஓடும், மேல்துணியில் பூசியிருக்கிற ஒரு பூச்சு செய்கிற வேலை அது. அழுக்கும் எண்ணெயும் ஏறினால் துளி உருளாமல் துணி தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அப்போது வியர்வைக்கு வெளியேற வழியில்லை. இப்போது பிஎஃப்ஏஎஸ் என்கிற, எளிதில் மக்காத ரசாயனம் இல்லாத பூச்சுதான் அதிகம் வருகிறது, உடம்புக்கும் ஊருக்கும் நல்லது, ஆனால் எண்ணெய்ப்பசையை அது அவ்வளவாகத் தாங்காது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களுக்குத் தொப்பியும் காலரும்தான் முதலில் கெடும், உள்ளே ஒரு மெல்லிய குல்லாய் போட்டுக்கொள்ளுங்கள்.

துவைக்காமல் வைத்திருப்பதும் தப்பு, சாதாரண சோப்புத்தூளில் துவைப்பதும் தப்பு. நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற தனித் திரவங்கள் கிடைக்கின்றன, அதில் துவையுங்கள், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் பக்கமே போகாதீர்கள். லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் சுற்றவிடுங்கள், சூடு பட்டால் பூச்சுக்கு மறுபடி உயிர் வரும். அப்படியும் துளி உருளவில்லை என்றால் அதே கம்பெனிகளின் பூச்சுத் திரவத்தைப் போடலாம்.

காசு இடிக்கிறதா, செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். உள்பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தாலோ, நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்ந்தாலோ மட்டும் வைத்துவிட்டு வாருங்கள். இங்கே சிறுவர் உடைக்கு வாட் வரி கிடையாது, ஒல்லியான உடம்பு என்றால் பெரிய பையன்கள் அளவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் புதிதாக வாங்கினால் கையில் வந்த 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பலாம். கடையோ ஆன்லைனோ, பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்க சட்டத்திலேயே இடம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், நனைந்தால் அன்றைக்குள் காயாது. பையின் மழை உறையையும் முழுதாக நம்ப வேண்டாம், உள்ளே கனமான குப்பைப் பை ஒன்றை விரித்து, துணியையும் பாஸ்போர்ட்டையும் அதற்குள் வையுங்கள்.

ஜனவரித் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்கும் தம்பி தங்கைகளே, மேற்குக் கரையில் அடைமழை அக்டோபரிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.