பில்லி பிராக் பாணி, தனி அக்கூஸ்டிக் கிடார்: வரிகள் அமுங்குகின்றன, தந்தி அறுகிறது

கேள்வி (ஒற்றை மைக்):
ஒரு அக்கூஸ்டிக் கிடார், ஒரு குரல், வேகமான அரசியல் பாடல்கள். அடித்து வாசித்தால் வரிகள் புரியவில்லை. மூன்றாம் தந்தி அடிக்கடி அறுகிறது. மேடையில் என் பக்கம் திரும்பிய மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டினால் கிடார் ஊளையிடுகிறது. தந்தி 0.010 செட் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தில்), பிக் (தந்தியை மீட்டும் வில்லை) 0.46 மி.மீ. எதை மாற்றுவது?

ஆறுதந்தி:
தோழர், 1983-ல் வந்த இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக்கின் முதல் இசைத்தட்டில் ஒலிப்பது எலக்ட்ரிக் கிடார். ஏழே பாட்டு, மொத்தம் 16 நிமிடம் போல. ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ட்ரெபிள் தூக்கல், அடி சட்டென்று நின்றுவிடும். அக்கூஸ்டிக் கிடாரின் பெட்டியோ ஒவ்வோர் அடியையும் முழங்க விடும். வரிகளை விழுங்குவது அந்த முழக்கம்தான். மெதுவாக அடித்துப் பயனில்லை, ஒலியைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

உள்ளங்கை விளிம்பை சேடில் (பெட்டியின் மேல் தந்திகள் தாங்கி நிற்கும் பட்டை) மேல் பட்டும் படாமலும் வையுங்கள். கொஞ்சம் துளைப் பக்கம் நகர்ந்தாலே சுரம் செத்து வெறும் 'டக்' மிஞ்சும். முழு கார்டும் வேண்டாம். ஜி-க்கு ஆறாம் தந்தியில் 3-ஆம் ஃப்ரெட், அதே விரலின் ஓரத்தால் ஐந்தாவது தந்தியை ஒலிக்காமல் அடக்குங்கள். நான்கும் மூன்றும் திறந்தபடி. இரண்டிலும் ஒன்றிலும் 3-ஆம் ஃப்ரெட். மேஜரா மைனரா என்று காட்டும் சுரமே அதில் இல்லை, பங்க் முரட்டுத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. பாடும்போது தடித்த தந்திகள் மட்டும். வரி முடிந்த இடைவெளியில் எல்லாத் தந்திகளையும் அடியுங்கள். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக 1984-85-ல் மேடை மேடையாகப் பாடியவர் பிராக். கூட்டத்துக்குச் சொல் போய்ச் சேராவிட்டால் அந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை.

கம்பிக்காரன்:
மூன்றாம் தந்திக்குப் பிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. மேலே கம்பி சுற்றிய தந்திகளில் மெல்லிய உள்கம்பி அதற்குத்தான். அறுந்த இடத்தைப் பாருங்கள். சேடில் மேல் என்றால் அங்கே கூர் விளிம்பு இருக்கிறது. 600 கிரிட் உப்புத்தாளால் விளிம்பை மட்டும் உருட்டுங்கள், உயரம் குறையக் கூடாது. கிடார் பெட்டியின் துளைக்கு நேரே என்றால் பிக் தோண்டுகிறது. 0.46 வளைந்து மாட்டிக்கொள்ளும், 0.73 எடுங்கள், நுனி 3 மி.மீ. வெளியே தெரிந்தால் போதும். தந்தி 0.012 செட்.

மணிக்கட்டு:
0.012 எனக்கு உடன்பாடில்லை. 180 பீபீஎம்மில் (நிமிடத்துக்கு 180 தாளம்) எட்டாம் சுரங்களை, அதாவது தாளத்துக்கு இரண்டு அடி, கீழ்நோக்கிய டவுன்ஸ்ட்ரோக்கிலேயே வாசித்தால் நொடிக்கு ஆறு அடி. தடித்த தந்தியில் முன்கை சீக்கிரம் இறுகிவிடும். 0.011 போதும். 120-ல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். முழங்கையிலிருந்து அடிக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அக்கூஸ்டிக்கிலேயே முன்மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோவைக் கேளுங்கள். செயற்கை நகம் ஒட்டி, மேலே எலக்ட்ரிகல் டேப் சுற்றி, தந்தியைத் தட்டியே ட்ரம்ஸ் வேலையும் செய்துவிடுவார். 1990-ல் சொந்த நிறுவனம் தொடங்கி அதிலேயே பாடல்களை வெளியிட்டவர்.

ஊளைக்கு: துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். கிடார் சேனலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது). ஆறாம் தந்தி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் வெட்டினால் ஒலியின் கனம் போய்விடும். பிறகு ஈக்வலைசரில் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஒரு குறுகிய பட்டையைக் கூட்டியபடி நகர்த்துங்கள். எங்கே கூவுகிறதோ அங்கே 6 டிபி குறையுங்கள். கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகம் பிடிப்பது) என்றால் மானிட்டர் அதன் நேர் பின்னால் இருக்க வேண்டும், பக்கவாட்டில் வேண்டாம். கடைசியாக, கிடாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸை 3 டிபி இறக்குங்கள். குரலின் மெய்யெழுத்துகள் தெளிவது அங்கேதான்.