உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ஆர்எச்பிடிஎஃப்2 மரபணுவை சென்னையில் எங்கே பரிசோதிக்கலாம்?

வணக்கம். அப்பா 2021-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார், வயது 56. பெரியப்பாவுக்கும் அதே நோய். இருவரும் சிகரெட்டோ குடியோ தொட்டதில்லை. ஆனால் இருவருக்கும் உள்ளங்காலும் உள்ளங்கையும் தடித்து வெடித்திருக்கும். கொத்தனார் வேலையால் வந்த காய்ப்பு என்றே நினைத்திருந்தோம். ஆபீஸ் வேலை பார்க்கும் எனக்கும் பத்து வயதிலிருந்து அப்படித்தான்.

டைலோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. ஆர்எச்பிடிஎஃப்2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் தோலையும் தடிக்க வைக்கும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயத்தையும் மிக அதிகமாக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. என் மகளுக்கு 7 வயது. அவள் குதிகாலும் இப்போது தடிக்கத் தொடங்கியிருக்கிறது.

பெரம்பூரில் தோல் மருத்துவர் யூரியா கிரீம் கொடுத்தார். தோல் இளகியது, அவ்வளவுதான். எனக்கு விழுங்குவதில் சிரமம் இல்லை, போன மாதம் எடுத்த எண்டோஸ்கோபியும் நார்மல். அப்புறம் ஒரு லேபில் புற்றுநோய் மரபணு பேனல் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனை) செய்தேன். நெகட்டிவ் என்று வந்தது. ஆனால் பட்டியலைப் பார்த்தால் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ எல்லாம் இருக்கிறது, ஆர்எச்பிடிஎஃப்2 மட்டும் இல்லை. அந்த நெகட்டிவை வைத்து நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

சென்னையில் இந்த மரபணுவைக் குறிப்பாகப் பரிசோதித்து, முடிவையும் விளக்கிச் சொல்லும் மரபியல் மருத்துவர் எங்கே இருக்கிறார்?