தலைக்காயத்துக்குப் பின் தொடரும் மறதிக்கு ஆக்சிஜன் அறைச் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: திருவொற்றியூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் என் தம்பிக்குத் தலையில் அடிபட்டது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பின்னர் எடுத்த ஸ்கேனிலும் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்றார்கள். ஆயினும் தலைவலி, மறதி, தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் எரிந்து விழுவது ஆகியவை இன்றுவரை தொடர்வதால், சரக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு அவனால் திரும்ப முடியவில்லை. அழுத்த அறையில் நாற்பது முறை தூய ஆக்சிஜன் கொடுத்தால் உறங்கும் மூளைச் செல்கள் விழித்துக்கொள்ளும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கவும் தயாராகிவிட்டார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மறுவாழ்வுச் சிகிச்சையாளர், ராயபுரம்

ஐயா, நகையை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். முத்துக் குளிப்போருக்கும் ஆழ்கடல் பணியாளருக்கும் வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத சர்க்கரை நோய்ப் புண், கதிர்வீச்சால் சிதைந்த திசு ஆகியவற்றுக்கு இச்சிகிச்சை ஏற்கப்பட்டது. பழைய மூளைக் காயம் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இலேயே இது குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது.

அமெரிக்கப் படைவீரர்கள் 72 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வுதான் இதில் முக்கியமானது. ஒரு குழுவுக்கு ஒன்றரை மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனும், இன்னொரு குழுவுக்கு 1.2 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றும் நாற்பது அமர்வுகள் கொடுக்கப்பட்டன. மூன்றாம் குழு வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றது. அறைக்குள் சென்ற இரு குழுவினரும் மூன்றாம் குழுவைவிட முன்னேறினார்கள், ஆனால் அவ்விரு குழுக்களுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை. அன்றாடம் ஓரிடத்துக்குச் சென்று, அக்கறையுடன் கவனிக்கப்பட்டு, ஒரு மணி நேரம் அமைதியாக இருந்ததே பலனளித்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

பதில்: ஒரு தாய், தண்டையார்பேட்டை

இதை இப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிடுவது நியாயமாகத் தெரியவில்லை. இஸ்ரேலில் காயமடைந்து ஓராண்டு முதல் ஐந்தாண்டு கடந்த 56 பேருக்கு இதே முறையில் சிகிச்சையளித்து, நினைவாற்றலும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்ததாக 2013-இல் கட்டுரை வெளியிட்டார்களே? மேலும் 1.2 மடங்கு அழுத்தக் காற்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாமல் கொடுக்கும் வெறும் போலிச் சிகிச்சை அல்ல, அதுவும் சிறிய அளவு மருந்துதான் என்று மருத்துவர்களே வாதிடுகிறார்கள். என் மகனுக்கு எல்லாரும் கைவிரித்த பிறகு நாங்கள் எதைத்தான் நம்புவது?

பதில்: மறுவாழ்வுச் சிகிச்சையாளர், ராயபுரம்

அம்மா, உங்கள் கேள்வி பொருத்தமானதே. ஆனால் இஸ்ரேலிய ஆய்வில் போலிச் சிகிச்சைக் குழுவே இல்லை. ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டவர்கள் இரண்டு மாதம் எந்தச் சிகிச்சையுமின்றிக் காத்திருந்தவர்கள், அவர்களும் தாங்கள் காத்திருப்பதை அறிந்தவர்கள். அடுத்து, 1.2 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பது, வெளியில் 25 விழுக்காடு ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மூக்குக் குழாய் வழியே சிறிதளவு ஆக்சிஜன் விட்டாலே அந்த அளவு கிடைத்துவிடும். அதுதான் மருந்து என்றால், இவ்வளவு விலையுள்ள அறை எதற்கு? 71 பேரிடம் நடத்தி 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பதின்மூன்று வாரங்களில் தெரிந்த முன்னேற்றம் ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற துறைமுக முக்குளிப்பாளர், காசிமேடு

ஆய்வுகளைப் பற்றி நான் பேச வரவில்லை, அந்த அறைக்குள் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊதிச் சமன் செய்யத் தெரியாவிட்டால் செவிப்பறை காயப்படும். சளி பிடித்திருக்கும் நாளில் போகவே கூடாது. தூய ஆக்சிஜன் நிரம்பிய அறையில் ஒரு பொறி போதும்: 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்படியோர் அறை வெடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். செல்போன், எண்ணெய் தடவிய தலை, நைலான் உடை ஆகியவற்றை உள்ளே அனுமதிக்கும் மையம் என்றால் அங்கிருந்து உடனே வெளியேறிவிடுங்கள். தம்பி வலிப்பு மாத்திரை எடுப்பவரா? அதிக ஆக்சிஜனே வலிப்பைத் தூண்டக்கூடும்.

கேட்டவர்: திருவொற்றியூர்வாசி

அனைவருக்கும் நன்றி. ஆம், வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அந்த மையத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. முதலில் எங்கே காட்டலாம்?

பதில்: மறுவாழ்வுச் சிகிச்சையாளர், ராயபுரம்

ஸ்டான்லி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு சென்று, நினைவாற்றல் பரிசோதனைக்கும் தூக்கத்துக்கும் தலைவலிக்கும் தனித்தனியாக ஆலோசனை கேளுங்கள். தலைவலி மாத்திரையை அளவுக்கு மீறி எடுப்பதே தலைவலியை நீட்டிப்பதும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சிகளுக்குப் பரிந்துரை பெறலாம். வேலைக்குத் திரும்புவதை அரை நாளில் தொடங்கலாமா என்று முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள்.