லேப்டாப்புக்கு அடியில் ஐஸ் பை வைக்கலாமா?

செந்தூல்வாசி:
மத்தியானம் மூன்று மணி, அறையில் 33 டிகிரி, ஏர்கான் கிடையாது. லேப்டாப் 97 டிகிரியைத் தொட்டதும் மாட்டுவண்டி மாதிரி நகர்கிறது. பிரீசரில் கிடக்கும் ஜெல் பையைத் துணியில் சுற்றி அடியில் வை என்கிறான் அறை நண்பன். வைக்கலாமா?

பட்டர்வொர்த் மச்சான்:
தாராளமாக. ஆறு மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பழைய காத்தாடி:
அது உங்கள் அதிர்ஷ்டம், தம்பி. மாமாக் கடையில் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) கிளாஸ் வைத்த இடத்தில் வட்டமாகத் தண்ணீர் தேங்குகிறதல்லவா? கிளாஸ் ஒழுகவில்லை, காற்றில் இருந்த ஈரம் அது. கோலாலம்பூர் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதற்கும் வேர்க்கும். அதோடு பல மாடல்கள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கின்றன. அந்த ஓட்டையைத்தான் பை அடைக்கிறது.

பட்டர்வொர்த் மச்சான்:
ஈரத்தைத் துணி குடித்துவிடும் அண்ணே. ஓடுகிற லேப்டாப் உள்ளே கொதிக்கிறது, அங்கே எப்படி வேர்க்கும்?

பழைய காத்தாடி:
ஓடும்போது வேர்க்காது, சரி. மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள், பை அடியிலேயே கிடக்கிறது. அப்போது உள்ளே படிகிற ஈரத்தை எந்தத் துணி குடிக்கும்?

பட்டர்வொர்த் மச்சான்:
நான் மறக்கமாட்டேன்.

தஞ்சோங் தங்கச்சி:
எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் 😄 முதலில் தூசியைப் பாருங்கள். என்னுடையதைத் திறந்தபோது காற்று வெளியேறும் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று ஒட்டியிருந்தது. அப்படியே உரிந்து வந்தது! தூசி போகக் காற்று அடிக்கும்போது காத்தாடி இறக்கையைப் பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடலாம். அப்புறம் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். மெத்தை மேல் வேண்டாம். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதம் ஆக்கினால் பெரும்பாலும் டர்போ (பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும்.

பட்டர்வொர்த் மச்சான்:
டர்போவை நிறுத்தினால் வீடியோ எடிட்டிங் எப்போது முடியும், தீபாவளிக்கா?

செந்தூல்வாசி:
திறக்கலாம் என்று புரட்டினேன். அடிமூடி நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது. டச்பேடும் ஒரு வாரமாகக் கிளிக் ஆகவில்லை. இது சூட்டாலா?

பழைய காத்தாடி:
திறக்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது போல. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். புடைப்பை அமுக்கவும் கூடாது, குத்தவும் கூடாது. படுக்கை, திரைச்சீலை பக்கம் வைக்காமல் இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

பட்டர்வொர்த் மச்சான்:
இதில் அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. கிளம்பு டா.