'பிக்கப்'புக்கு ஒரு சொல்: அதிர்வாங்கி

நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் உறுப்பான 'பிக்கப்'புக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எடுப்பி, ஒலியேற்பி, உணரி. என் பரிந்துரை அதிர்வாங்கி. காரணத்தைச் சொல்லும் முன், போன வாரம் என் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வந்த கோளாற்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஏன் துல்லியமான சொல் வேண்டும் என்பது அதில்தான் எனக்கு உறைத்தது.

வயரைச் செருகினேன், வால்யூமைக் கூட்டினேன், சத்தமே இல்லை. பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனால், "பிக்கப் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். மனம் ஒப்பவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பார்த்தேன். அதே வயர் வேறொரு கிட்டாரில் வேலை செய்தது. 9 வோல்ட் பேட்டரியை மாற்றியும் பயனில்லை. அப்புறம் பக்கவாட்டில் இருக்கும் ட்யூனரைப் போட்டு ஒரு தந்தியை மீட்டினேன். சுரத்தைச் சரியாகக் காட்டியது! அந்த ட்யூனர் மைக் வைத்துக் கேட்பதில்லை; தந்தியின் அடியிலிருந்து வரும் மின்குறிகையைத்தான் படிக்கிறது. அப்படியானால் பிக்கப் நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால், வயரைச் செருகும் துளையான ஜாக்கின் நட்டு தளர்ந்து, செருகும்போதெல்லாம் ஜாக் சுழன்று சுழன்று ஒரு கம்பியின் பற்றவைப்பு விட்டிருந்தது. பற்றவைத்ததும் ஒலி திரும்பியது.

பழுது பார்த்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பேச்சில் 'பிக்கப்' என்ற ஒரே சொல் நான்கு பொருள்களைச் சுமக்கிறது: தந்திகள் அமரும் சிறு துண்டான சேடிலின் அடியில் இருக்கும் மெல்லிய பட்டை, அதன் குறிகையை வலுப்படுத்தும் முன்பெருக்கி, பேட்டரி, ஜாக். எது கெட்டாலும் 'பிக்கப் போச்சு'தான். ஆகவே நாம் ஆக்கும் சொல் அந்தப் பட்டையை மட்டும் குறிக்க வேண்டும். மொத்தத்துக்கும் 'அதிர்வாங்கித் தொகுதி' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

சரி, சொற்களுக்கு வருவோம். 'எடுப்பி' ஆங்கிலத்தின் நேர் நிழல். அதோடு, தாளத்தில் பாடல் தொடங்கும் இடத்தை 'எடுப்பு' என்று கருநாடக இசையில் சொல்கிறோம். இசைக்கருவியின் உறுப்புக்கு அதை ஒட்டிய பெயர் குழப்பும். 'உணரி' எல்லா சென்சாருக்கும் பொது. வெப்பத்தை அறிவதும் உணரிதான்.

'ஒலியேற்பி'யைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். பிக்கப் ஒலியை வாங்குவதில்லை. காற்றில் வரும் ஒலியை வாங்குவது மைக், அதற்கு ஒலிவாங்கி என்ற நல்ல சொல் இருக்கிறது. சேடிலின் அடியில் இருக்கும் பட்டையோ தந்தியின் அதிர்வு தன்மேல் தரும் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட அழுத்தமின் விளைவுதான் இது. மின்கிட்டாரில் இருப்பது காந்த வகை. காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. நைலான் தந்திக்கு அது பேசாது. இரண்டுக்கும் பொதுவானது அதிர்வு ஒன்றே.

எனவே ஒலிவாங்கியின் அச்சிலேயே அதிர் + வாங்கி = அதிர்வாங்கி. ஒலிவாங்கிக்கும் இதற்கும் உள்ள உறவும் வேறுபாடும் சொல்லைக் கேட்டதுமே விளங்கும். 'அதிர்வேற்பி' என்றும் யோசித்தேன். ஆனால் ஏற்பி உயிரியலில் வேறு வேலையில் இருக்கிறது. நம் வீணைக் கலைஞர்கள் கருவியில் ஒட்டிக்கொள்ளும் 'காண்டாக்ட் மைக்'கும் பெயரில்தான் மைக், செயலில் அதிர்வாங்கி. அங்கும் இந்தச் சொல் பொருந்தும் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வீணை என்றதும் இன்னொன்று. அதில் தந்திகளைத் தாங்கும் உறுப்பைக் குதிரை என்கிறோம். கிட்டாரின் 'பிரிட்ஜ்'ஜுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம், பாலம் வேண்டாம். அதன் மேல் அமரும் 'சேடில்' இயல்பாகவே சேணம் ஆகிவிடுகிறது. அதன் அடியில் வைப்பது சேணத்தடி அதிர்வாங்கி. ஒரு தந்தி மட்டும் மெலிந்து கேட்டால், 'சேணத்தின் அடிப்பக்கம் சமமாக இல்லை, அதிர்வாங்கியில் சரியாகப் படியவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். எங்கே தேய்க்க வேண்டும் என்பது வரை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

ஜாக்குக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'செருகி' பிளக்குக்குப் போய்விட்டது. 'செருகுவாய்' என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது, ஆனால் சுவரில் இருக்கும் மின்சார சாக்கெட்டோடு மோதுமோ என்ற தயக்கம். மின்னியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.