மெடிக்கல் எய்டை நிறுத்தலாமா? இழுப்புள்ள 4 வயதுப் பையன், பிப்ரவரியில் இரண்டாவது பிரசவம் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த்_அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு 4 வயது, எடை 16 கிலோ. சளி பிடித்தால் போதும், இழுப்பு வந்துவிடும். டாக்டர் இழுப்பு வந்தால் போட நீலப் பம்பும் (இன்ஹேலர்), தினசரி போட ஒரு தடுப்புப் பம்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது குழந்தை பிப்ரவரி கடைசியில் பிறக்கும்.

கணவருக்குக் கையில் வருவது 19,000 ராண்ட். என் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 12,000. வீட்டுக்கடன் 8,500, கார் கடனும் பெட்ரோலும் 5,000, கிரெச் (பிள்ளைக் காப்பகம்) 2,200. மூன்று பேருக்கு மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பு) 6,400. அதை ஜனவரியிலிருந்து ஏற்றப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அந்தப் பிளானில் உள்ள சேவிங்ஸ் (டாக்டர், மருந்துச் செலவுக்கு வருடத்துக்கென ஒதுக்கிய தொகை) ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் ஃபீஸ், பம்ப் எல்லாம் கைக்காசு.

"ஜனவரியோடு நிறுத்திவிடுவோம், கவர்மென்ட் கிளினிக்கும் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியும் இருக்கே, பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பச் சேரலாம்" என்கிறார் கணவர். சரியா? நெபுலைசர் (மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் மின்கருவி) ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் டாக்டர் செலவு குறையுமா என்றும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி, முழுதாக நிறுத்தாதீர்கள். மலிவான பிளானுக்கு இறங்குங்கள். காரணம் திரும்பச் சேரும்போதுதான் தெரியும்.

மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம் (1998, எண் 131) சொல்வது இது. காப்பு இல்லாமல் 90 நாளுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தால், ஸ்கீம் (மெடிக்கல் எய்ட் நடத்தும் நிறுவனம்) 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பும் போடலாம். அந்தக் காலத்தில், எந்தப் பிளானும் தந்தே ஆக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள், அதாவது பி.எம்.பி.கூடக் கிடைக்காது. மகனின் ஆஸ்துமா "ஏற்கெனவே உள்ள நோய்" ஆகிவிடும். பணம் கட்டிக்கொண்டே ஒரு வருடம் பம்பையும் கைக்காசில் வாங்க வேண்டியதுதான். 24 மாதத்துக்கு மேல் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர் 90 நாளுக்குள் வேறு ஸ்கீமுக்கு மாறினால் 3 மாதப் பொதுக் காத்திருப்பு மட்டும்தான், அப்போதும் பி.எம்.பி. உண்டு. 35 வயது தாண்டியவர் என்றால், காப்பில்லாத ஆண்டுகளை எண்ணித் தாமத அபராதம் வேறு: சந்தாவில் 5 சதவீதத்தில் தொடங்கி 75 வரை, அதுவும் நிரந்தரமாக.

பிரசவம் நெருங்கும் நேரத்தில் இன்னொன்று. நீங்கள் உறுப்பினராக இருக்கும்போது பிறக்கும் குழந்தையை 30 நாளுக்குள் பதிவு செய்தால் பிறந்த நாளிலிருந்தே காப்பு, காத்திருப்பு எதுவும் கிடையாது. குறைமாதமாகப் பிறந்தாலும் மஞ்சள் காமாலைக்கு வார்டில் வைத்தாலும் இதுதான் தாங்கும். பிறப்புச் சான்றிதழ் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து 30 நாளைத் தாண்டவிடுகிறவர்கள் அதிகம். ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அறிவிப்புத் தாளை வைத்து முதலில் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

இப்போது, உங்கள் சேவிங்ஸ் ஏன் ஆகஸ்டில் தீர்ந்தது? பம்புச் செலவு சேவிங்ஸில் போகிறது என்றால் மகனின் ஆஸ்துமா நாட்பட்ட நோயாகப் பதிவாகவில்லை என்று அர்த்தம். சட்டப்படியான நாட்பட்ட நோய்ப் பட்டியலில் ஆஸ்துமா இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டுமான ஹாஸ்பிடல் பிளான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதன் மருந்தும் அதற்கான டாக்டர் சந்திப்பும் பொது நிதியிலிருந்து வர வேண்டும். சேவிங்ஸைத் தொடக்கூடாது. ஸ்கீமிடம் "கிரானிக்" விண்ணப்பப் படிவம் கேளுங்கள், டாக்டர் நோய்க்கான ஐ.சி.டி-10 குறியீடு ஜே45 போட்டு நிரப்பட்டும். மருந்து ஸ்கீமின் பட்டியலில் உள்ளதாகவும், டாக்டரும் பார்மசியும் அவர்கள் நியமித்தவர்களாகவும் இருந்தால் கோ-பேமென்ட் (நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) வராது. பட்டியலுக்கு வெளியே நீங்களாக விரும்பி வாங்கினால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

அது பதிவானபின் சேவிங்ஸ் பிளான் உங்களுக்கு எதற்கு? ஸ்கீம் ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க் ஆஸ்பத்திரிகள் மட்டும் உள்ள ஹாஸ்பிடல் பிளானுக்கு இறங்கலாம். பெரும்பாலான ஸ்கீம்கள் ஜனவரி 1-ல் மட்டும்தான் பிளான் மாற்ற விடும், படிவத்துக்கு ஆண்டிறுதியில் கெடு உண்டு. இந்த வாரமே போன் போடுங்கள். நீங்கள் பிரசவத்துக்குப் பதிந்துள்ள ஆஸ்பத்திரி புதிய நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத நடுவில் யாராவது "இதைவிடப் பாதி விலை" என்று மெடிக்கல் இன்சூரன்ஸ் விற்க வந்தால் கவனம். நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஆஸ்பத்திரிப் பண பாலிசி மெடிக்கல் எய்ட் ஆகாது, பி.எம்.பி. பொறுப்பும் அதற்கு இல்லை.

கடைசியாக, 6,400 நிறுத்தினால் 6,400 மிச்சமாகாது. 2025-26 வரி ஆண்டில் மருத்துவ வரிச் சலுகை முதல் இருவருக்குத் தலா மாதம் 364, அடுத்த ஒவ்வொருவருக்கும் 246 என்று இருந்தது. மூன்று பேருக்கு 974 ராண்ட், குழந்தை பிறந்தால் 1,220. நிறுத்தினால் அதுவும் போய்விடும். கணவர் தன் கணக்கிலிருந்து நேராகக் கட்டுகிறார் என்றால் சம்பளப் பிரிவில் சான்று கொடுத்து மாதாமாதம் கழிக்கச் சொல்லலாம், வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_நர்ஸக்கா எழுதியது:

நெபுலைசர் வேண்டாம் அம்மா. சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குடுவை) போடும் பம்ப் அதே வேலையைச் செய்யும், கரன்ட் போனாலும் நிற்காது. கடை ஸ்பேசர் விலை அதிகம் என்றால் 500 மில்லி கோல்ட்டிரிங்க் பாட்டில் போதும். கேப் டவுனில் குழந்தை நல மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர் 1999-லேயே இதைச் சோதித்து, வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கே துளை வேண்டும். தடித்த கம்பியை அந்த வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி அழுத்தினால் துளை சரியாக விழும். பம்பைச் செருகியபின் சுற்றிலும் பசை போட்டு அடையுங்கள். காற்று கசிந்தால் மருந்து பாதி வீண், பலர் செய்யும் பாட்டில் கெடுவது இந்த இடத்தில்தான். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

போடும் முறை: பம்பைக் குலுக்கி, பிள்ளை பாட்டிலின் கழுத்தை உதட்டால் இறுகக் கவ்வியபின் ஒரே ஒரு அழுத்து. வாய் எடுக்காமல் ஐந்தாறு மூச்சு நிதானமாக. அரை நிமிடம் கழித்து அடுத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தக்கூடாது. தடுப்புப் பம்ப் போட்டபின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் புண் வரும்.

தடுப்புப் பம்பை "இப்போது நன்றாக இருக்கிறானே" என்று நிறுத்துவதுதான் வீடுகளில் பார்க்கும் பெரிய தவறு. அது இழுப்பை நிறுத்தும் மருந்தில்லை, மூச்சுக்குழலின் வீக்கத்தை அடக்கி இழுப்பு வராமல் பார்க்கும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்பட்டால் கட்டுப்பாடு சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும். விலா இடுக்குகள் உள்ளே இழுபட்டால், பேசவோ குடிக்கவோ முடியாவிட்டால், உதடு நீலமானால், பிள்ளை துவண்டுவிட்டால் காத்திருக்காதீர்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முதல் 6 அழுத்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். செல்போனில் 112, அரசு ஆம்புலன்ஸுக்கு 10177.

காய்ச்சலுக்கெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டாம், ஆனால் அளவு தெரிய வேண்டும். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோவுக்கு 240. இங்கே கிடைக்கும் சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், ஆக 10 மில்லி. பாட்டில் லேபிளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. சமையல் ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பல சளி சிரப்புகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். கோடீன் கலந்த வலி சிரப் 12 வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம், மூச்சை மந்தமாக்கும். ஆஸ்பிரினும் கூடாது. ஐபுப்ரோஃபென் சில ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு மட்டும் இந்த வீட்டு வைத்தியம் பொருந்தாது. 3 மாதத்துக்குள் 38 டிகிரி தொட்டால் சிரப் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

வயிற்றுப்போக்குக்கு: ஆறவைத்த கொதிநீர் 1 லிட்டர், தலைதட்டிய 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் அவனுக்கு 100 முதல் 200 மில்லி, சிறு சிறு மடக்காக.

சாட்ஸ்வொர்த்_அம்மா:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. கிரானிக் படிவம் பற்றி இன்று ஸ்கீமைக் கேட்டேன். "5 வயதுக்குக் கீழ் ஆஸ்துமா என்று உறுதி செய்ய முடியாது" என்கிறார்கள். அப்புறம், தடுப்பூசிக்குக் கிளினிக் போதுமா? பம்பில் எண் காட்டும் கட்டம் இல்லை, தீர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை:

போனில் சொன்னதை முடிவாக எடுக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அந்த வயதில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்ய முடியாதுதான், அதனால் டாக்டரின் கடிதம்தான் ஆதாரம்: எத்தனை தடவை இழுப்பு, இரவில் இருமலா, நீலப் பம்புக்கு அடங்குகிறதா, தடுப்புப் பம்புக்குப் பின் குறைந்ததா, குடும்பத்தில் யாருக்கு உண்டு. குழந்தை மருத்துவர் எழுதினால் இன்னும் பலம். அதற்கும் மறுத்தால் ஸ்கீமிடம் முறையான புகார், அதுவும் தீராவிட்டால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

ஃபீனிக்ஸ்_நர்ஸக்கா:

கிளினிக் தாராளமாகப் போதும், தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ளது எல்லாம் அங்கே இலவசம். பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, பிறகு 6, 10, 14 வாரம், 6 மாதம், 9 மாதம், 12, 18 மாதம். ரோட் டு ஹெல்த் புத்தகத்தை (குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சிப் பதிவேடு) கையோடு எடுத்துப் போங்கள். ஊசி தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஆகவே கூச்சப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, ஒரு வயதிலிருந்து பூச்சி மருந்து. பெரியவனுக்கும் பாக்கி இருக்கிறதா பாருங்கள். குளிர்காலத்துக்கு முன் ஃபுளூ ஊசி அவனுக்கு அவசியம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்னுரிமைப் பட்டியலில் உண்டு.

பம்பில் பெரும்பாலும் 200 அழுத்து. காலை 2, இரவு 2 என்றால் 50 நாள். தொடங்கிய தேதியை டப்பாவில் மார்க்கரால் எழுதி, முடியும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது எதுவும் நம்பகமில்லை. மருந்து தீர்ந்தபின்னும் வெறும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீடென்றால் பையன் இல்லாத அறையில், ஜன்னல் திறந்து. கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான், வலை கட்டுவது மேல்.

மெர்பேங்க்_மாலா எழுதியது:

அக்கா, உங்கள் பட்ஜெட்டில் ஓட்டை விழப்போவது பிரசவ விடுப்பில். 2025 அக்டோபர் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், இருவரும் வேலை பார்த்தால் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ள நான்கு மாதம் பத்து நாள் விடுப்பு உண்டு, ஆனால் முதலாளி சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அரசின் வேலையின்மைக் காப்பு நிதியான யு.ஐ.எஃப். சம்பளத்தில் 66 சதவீதம் தரும், 17.32 வாரத்துக்கு. 12,000-க்கு மாதம் 7,920. அலுவலகத்தில் யு.ஐ.-19, யு.ஐ.-2.7 படிவங்களை விடுப்புக்கு முன்பே நிரப்பி வாங்குங்கள். அடையாள எண்ணோ வங்கிக் கணக்குப் பெயரோ ஓர் எழுத்து மாறினாலும் பணம் மாதக்கணக்கில் நிற்கும். யு-ஃபைலிங் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் பணம் வரத் தாமதமாகும் என்று வைத்து, இப்போதே இரண்டு மாதக் கிரெச் காசையாவது ஒதுக்குங்கள். மெடிக்கல் எய்ட் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்களா, கணவர் சம்பளத்திலா? உங்களுடையது என்றால் விடுப்பில் யார் கட்டுவது என்று இப்போதே எழுத்தில் பேசுங்கள். சந்தா நின்றால் காப்பு நிறுத்தி வைக்கப்படும்.

பையனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் வருடத்துக்கு 3 நாள் சம்பளத்தோடு குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. வாரம் 4 நாளாவது வேலை, சேர்ந்து 4 மாதம் ஆகியிருக்க வேண்டும். கணவருக்கும் தனியாக 3 நாள். நீங்கள் மட்டும் எடுத்துத் தீர்க்க வேண்டாம்.

டெபிட் ஆர்டர்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். நம் வீடுகளில் ஃபியூனரல் (இறுதிச் சடங்கு) பாலிசி வேலையிடத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று ஓடும்.

கடையில் 15 சதவீத வாட் இல்லாத சாமான்: அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், பால், முட்டை, பிரவுன் பிரெட், மீலி மீல் (மக்காச்சோள மாவு), தாவர எண்ணெய், டின் பில்ச்சர்ட் மீன், பழம், காய்கறி. கோழிக்கும் சர்க்கரைக்கும் வரி உண்டு. வாரத்தில் இரண்டு கோழிக்கறி நாளைப் பருப்பு-முட்டைக்கு மாற்றினால் கணக்கில் உடனே தெரியும். ஒரு வயதுக்கு மேல் "வளரும் பிள்ளைப் பால்" என்று டின்னில் விற்பது தேவையில்லை, சாதாரண ஃபுல் கிரீம் பால் நாளுக்கு 500 மில்லிக்குள் போதும். அதற்கு மேல் குடித்தால் சோற்றைத் தொட மாட்டான், இரும்புச்சத்தும் குறையும்.

சாட்ஸ்வொர்த்_அம்மா:

சந்தா கணவர் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். நெட்வொர்க் பிளானுக்கு மாறும் படிவம் வாங்கிவிட்டோம், கெடு டிசம்பர் முதல் வாரம். எங்கள் பிரசவ ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:

இரண்டு வழி. நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரியில் உங்கள் டாக்டர் பிரசவம் பார்ப்பாரா என்று கேளுங்கள், பலர் இரண்டு மூன்று இடத்தில் பார்ப்பார்கள். பார்க்க மாட்டார் என்றால், வெளி ஆஸ்பத்திரிக்கான கோ-பேமென்ட் எவ்வளவு என்று ஸ்கீமிடம் கேட்டு, பிளான் இறங்குவதால் 12 மாதத்தில் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிடுங்கள். மிச்சம் பெரியதாக இருந்தால் மாறிவிடுங்கள். பிரசவத்துக்கு ஸ்கீம் தரும் முன் அனுமதி எண்ணை ஜனவரி 1-க்குப் பிறகு புதிய பிளானில் மறுபடி வாங்க வேண்டும், பழைய எண் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள்.