ஈச்ச மரம் வளர்த்தவர்களே, உங்கள் முள் கதையைச் சொல்லுங்கள்

கரிசல்காட்டான் (கோவில்பட்டிப் பக்கம்)

வாசலுக்கு ஒரு மரம் வேண்டும். தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது, ஆடு கடிக்கக் கூடாது, சித்திரை வெயிலுக்கு வாடக் கூடாது. மூன்றுக்கும் ஒத்துவந்தது ஈச்ச மரம்தான். 2017-ல் ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த இரண்டு மரங்களை வாங்கி நட்டேன். ஆளுயரத் தண்டு. பச்சை மட்டைகளையும் ஒட்ட அரிந்து, தண்டை அன்னாசிப்பழம் போலச் செதுக்கி, உச்சியில் நாலைந்து ஓலைகளை மட்டும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகில்தான் ஒரு மரம் போயிற்று.

ஆறாம் மாதம் குருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வந்து தண்டில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே யாரோ கரும்பு மெல்லுவது போலச் சத்தம். சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள். பச்சை மட்டையை வெட்டினால் கசியும் சாற்றின் வாடைக்கு அந்த வண்டு வந்து, காயத்திலேயே முட்டையிடுமாம். தென்னையில்கூட மட்டையை வெட்ட நேர்ந்தால் 120 செ.மீ. அளவுக்கு அடிமட்டையை விட்டுத்தான் வெட்டச் சொல்வார்கள். என் மரத்தையோ தலை முதல் கால் வரை காயமாக்கி விற்றிருந்தார்கள். நானும் அதற்குப் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன். இந்த இனத்துக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது அழுகிவிட்டால் வேப்ப மரம் போலப் பக்கத்தில் துளிர்க்காது.

மிஞ்சிய மரத்தைத் தொடவில்லை. முழுக்கக் காய்ந்து தொங்கும் ஓலையை மட்டும் எடுக்கிறேன். இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கடலோரத் தோட்டம் (இராமநாதபுரம் மாவட்டம்)

அண்ணா, நான் லாரி மரம் வாங்கவில்லை. விதை போட்டு வளர்த்தேன். அதனால் என் கதை முட்டாள்தனத்தில் தொடங்குகிறது. இருபது கொட்டைகளை இரண்டு நாள் ஊறவைத்துப் பைகளில் ஊன்றினேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாப் பைகளிலும் புல் முளைத்தது. சலித்துக்கொண்டே பிடுங்கினேன். ஏழெட்டுப் பைகள் ஆன பிறகுதான் ஒரு புல்லின் அடியில் ஈச்சங்கொட்டை தொங்குவதைப் பார்த்தேன். முதல் சில இலைகள் பிளவே இல்லாமல் புல் போலத்தான் வரும், கீற்றாகப் பிரிவதெல்லாம் பிறகுதான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தப்பியவற்றில் நான்கு நிலைத்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. ஓலை நுனி கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். முதல் மூன்று வருடம் வாரம் இருமுறை தண்ணீர் விட்டேன், அதன் பிறகு மழைதான். அடி ஓலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்தபோது அசிங்கமாக இருக்கிறதே என்று வெட்டினேன். அடுத்த வரிசையிலும் அதே புள்ளி. அது நோயில்லை, சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைவு. பழைய ஓலையிலிருந்து அந்தச் சத்தை இழுத்துத்தான் மரம் புதுக் குருத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஓலையை நாம் வெட்டினால் அதன் சோற்றுப் பானையை உடைத்த மாதிரி. பொட்டாஷ் வைத்த பிறகு வந்த ஓலைகள் சுத்தமாக இருக்கின்றன. பழைய புள்ளிகள் மறையவில்லை.

பாளை விடப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான்கில் மூன்று ஆண். பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பேரீச்சைக்கு அடிக்கன்று பிரித்து நட்டுப் பெண்ணாகவே பார்த்து வைக்கலாம். இது பெரும்பாலும் ஒற்றைத் தண்டு, கன்று விடாது. அந்த ஒரு பெண் மரத்தின் பழம் எல்லாம் மைனாவுக்கும் குயிலுக்கும்தான். எங்களுக்குக் கிடைப்பது கொட்டையும் துவர்ப்பும்.

ஓய்வு பெற்ற வாத்தியார் (விருதுநகர்)

தலைப்பில் முள் என்று போட்டுவிட்டு வண்டைப் பற்றியே பேசுகிறீர்களே. முள் கதையை நான் சொல்கிறேன்.

ஈச்ச மட்டையின் அடியில் இருப்பவை தனியாக முளைத்த முட்கள் அல்ல. கீற்றுகளே அங்கு சுருங்கி விறைத்து ஊசியாகிவிடுகின்றன. காய்ந்த மட்டையைக் கையால் இழுத்தேன். ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஒன்று ஏறியது. எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வீக்கம் வடிந்தது, பத்து நாளில் திரும்ப வந்தது, மறுபடி வடிந்தது. இப்படியே இரண்டு மாதம் விரலை மடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கீல்வாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரலாயிற்றே என்று நானும் நம்பிவிட்டேன். இன்னொரு மருத்துவர்தான், "ஐயா, வீட்டில் பேரீச்சை, ஈச்ச மரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். மர முள் எக்ஸ்ரேயில் தெரியாதாம். அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. கீறி எடுத்தார்கள், அரிசி நீளம்கூட இல்லை. மூட்டுக்குள் அதன் துணுக்கு தங்கினால் போதும், இப்படி வீங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, தோல் கையுறை மட்டும் போதாது, நீளப் பிடி உள்ள அரிவாள் வேண்டும். நடைபாதைக்கு அருகில் வைக்காதீர்கள். குழந்தை விளையாடும் பக்கம் வேண்டவே வேண்டாம். முள் தைத்து ஒரு வாரத்துக்குப் பிறகும் மூட்டு வீங்கினால், என்ன தைத்தது என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பழைய ரயில்காரன்

நான் கரக்பூரில் வேலை பார்த்த காலத்தில் இதே மரத்தை வங்காளிகள் கொண்டாடியதைப் பார்த்தேன். குளிர்காலத்தில் உச்சிக்குக் கீழே தண்டைச் சீவிப் பானை கட்டுவார்கள். ஒரு வருடம் ஒரு பக்கம், மறு வருடம் எதிர்ப்பக்கம். அதனால் வயதான மரத்தின் தண்டு மாடிப்படி போல வளைந்து வளைந்து ஏறும். படிகளை எண்ணி எத்தனை வருடம் சீவினார்கள் என்று சொல்லிவிடலாம். பானையில் வடியும் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் நொலேன் குர் என்ற வெல்லத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. விடியற்காலைப் பச்சைச் சாற்றையும் குடித்திருக்கிறேன். இன்று குடிக்க மாட்டேன். இரவில் அந்தப் பானையில் வௌவால் வாய்வைப்பதால்தான் வங்கதேசத்தில் நிபா பரவியது என்று பிறகு தெரியவந்தது.

செம்மண் (புதுக்கோட்டை)

பெரிய ஈச்சைக்கு இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், எங்கள் ஈஞ்சுக்கு யாரும் இல்லையா? காட்டோரம் இடுப்பளவு புதராக நிற்கும். பழம் கறுத்தால் இனிக்கும். ஆடு மேய்க்கப் போகும்போது குருத்தைப் பிடுங்கித் தின்போம். ஒவ்வொரு குருத்துக்கும் கையில் நாலு கீறல் விலை. வில்லியம் ராக்ஸ்பரோ 1790-களில் சோழமண்டலக் கரைத் தாவரங்களை எழுதியபோது, இதற்கு 'மாவு தருவது' என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். பஞ்சத்தில் இதன் தண்டுச் சோற்றை இடித்து மாவெடுத்துத் தின்றிருக்கிறார்கள். வேலியோரம் ஆறு நட்டிருக்கிறேன். இன்றுவரை எந்த மாடும் அந்தப் பக்கம் நுழையவில்லை.

கரிசல்காட்டான்

வாத்தியார் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் கையுறையை மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: இந்த ஐப்பசியில் என் மரத்தின் கீற்றுகள் ஓரத்திலிருந்து நார் நாராகக் கிழிந்திருக்கின்றன. காண்டாமிருக வண்டாக இருக்குமோ என்று வேப்பங்கொட்டைத் தூளை மணலில் கலந்து குருத்து இடுக்கில் போட்டேன். கிழிசல் நிற்கவில்லை.

கடலோரத் தோட்டம்

அண்ணா, வண்டு குருத்துக்குள்ளேயே கடித்துவிடும். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் கத்தரித்த மாதிரி வரிசையாக 'வி' வடிவில் தெரியும். நார் நாராக உரிந்திருந்தால் அது தூக்கணாங்குருவி. பக்கத்தில் கிணறு இருக்கிறதா, பாருங்கள்.

கரிசல்காட்டான்

இருக்கிறது. எட்டுக் கூடுகள் தொங்குகின்றன.